பன்னிரண்டே முக்கால் ஜெந்திபாய்

ராஜ்கோட்டில் மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு மணி வரை விழித்திருக்கும் பாவி நான் ஒருவன்தான். ஊரே ஷட்டரை இறக்கிவிட்டுப் படுத்துவிடும். மருந்துக் கடைக்காரன்கூடக் குறட்டை விடுவான். பாழாய்ப்போன பங்குச் சந்தை மட்டும் மூன்றரை வரை நடக்கும். தரகர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் சொல்கிறபடி வாங்குவதும் விற்பதும் என் வேலை. இருபது வருஷமாக இந்த எரிச்சலோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

ஜெந்திபாய் பித்வா எங்களிடம் கணக்குத் தொடங்கியபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. அடுத்தவன் லேத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, முப்பது வருஷமாகக் கடைசல் வேலை செய்கிறவர். தனக்கென்று ஒரு லேத் வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பழையது வாங்கவே மூன்று லட்சம் ஆகும். கையில் இரண்டரை இருந்தது. மீதியைச் சந்தை ஆறே மாதத்தில் கொடுத்துவிடும் என்று காண்டியா விற்கும் பலகாரக் கடையில் எவனோ அவரிடம் அளந்துவிட்டிருந்தான்.

முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்.

"ரஷ்மின், காலையில என்ன வாங்கினாலும் சரி, பன்னிரண்டே முக்காலுக்கு வித்துடு. நான் ஃபோன் பண்ண மாட்டேன், நீயே வித்துடணும்."

"ஏன் ஜெந்திபாய்? அப்புறம் ஏறினா?"

"பங்கை வச்சுக்கிட்டுப் படுத்தா எனக்குத் தூக்கம் வராதுப்பா."

இப்படி ஒரு வியாபாரத்தை வேறு எந்த ஊரிலாவது பார்க்க முடியுமா? பத்து மணிக்கு வாங்குவார். பன்னிரண்டே முக்காலுக்கு விலை ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் விற்றாக வேண்டும். பிறகு பருப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுப்பார். நாலரைக்கு டீ குடிக்க வருவார். அவர் விற்றது அதற்குள் ஏறியிருந்தால் தலையில் அடித்துக்கொள்வார். மறுநாளும் அதே கதைதான். வாங்கினாலும் கமிஷன், விற்றாலும் கமிஷன். எட்டு மாதத்தில் நாற்பதாயிரம் கரைந்துபோனது. எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு ஜனவரி மாதம், மிச்சமிருந்த மொத்தப் பணத்துக்கும் பேரிங் செய்யும் ஒரு கம்பெனியின் பங்கை வாங்கச் சொன்னார். வாங்கினேன். அன்று எதிர்க்கடைக்காரர் வீட்டில் கல்யாணம். விருந்துச் சாப்பாடு எனக்கும் வந்தது. நெய் சொட்டும் சூர்மா லட்டு, நாலு தின்றேன். பன்னிரண்டரை இருக்கும், மேஜைமேல் தலையைச் சாய்த்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது சந்தை மூடியிருந்தது. பேரிங் பங்கு அன்று ஒரே மத்தியானத்தில் எட்டில் ஒரு பாகம் விலை விழுந்திருந்தது. என் பிள்ளைகள் முகம்தான் முதலில் கண்முன் வந்தது. ஒரு புகார் எழுதினால் போதும், முதலாளி என்னை வெளியே அனுப்பிவிடுவார்.

நாலரைக்கு ஜெந்திபாய் வந்தார். தூங்கி எழுந்து முகம் கழுவி, தலை வாரியிருந்தார். கூடவே அவர் மனைவி முக்தாபென், காய்கறிப் பையோடு.

"விக்கல ஜெந்திபாய். தூங்கிட்டேன்," என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவர் திரையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். முக்தாபென்தான் பேசினாள்.

"ஊரே தூங்குது, நான் ஒருத்தன்தான் முழிச்சிருக்கேன்னு பெரும பேசுவியேப்பா? வருஷம் பூரா முழிச்சிருந்துட்டு, எங்க மொத்தப் பணமும் இருக்கிற நாளாப் பாத்தா உனக்குக் கண்ணு சொக்கிச்சு?"

"முதலாளிகிட்ட எழுதிக் குடுங்க. நான் மறுக்க மாட்டேன்," என்றேன்.

"எழுதினா உன் வேலை போகும்," என்றார் ஜெந்திபாய். "உன் வேலை போனா என் பணம் வந்துடுமா?"

"அப்ப நாளைக்குக் காலையில வித்துடவா?"

ஜெந்திபாய் மறுபடி திரையைப் பார்த்தார். "அந்த பேரிங்கை இருபது வருஷமா என் கையால மாட்டுறேன். ஒண்ணுகூட சீக்கிரம் தேஞ்சதில்ல. இன்னிக்கு மத்தியானத்துல அது கெட்டுப்போச்சா என்ன? இருக்கட்டும் விடு."

அதன் பிறகு அது இன்னும் விழுந்தது. முதல் வாரம் ஜெந்திபாய் மத்தியானத்தில் தூங்கவே இல்லையாம். இரண்டாவது வாரத்திலிருந்து தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் போனது. வெயிலில் அடுத்தவன் பட்டறைக்கு அவர் சைக்கிள் மிதித்துப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்வு பிடுங்கித் தின்னும். அவரோ ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. வருவார், டீ குடிப்பார், மாதத்துக்கு ஒரு முறை விலை கேட்பார். ஒரு வருஷம் போனது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது.

இரண்டாவது தீபாவளிக்கு முன்னால் ஒரு காலையில் வந்தார். கோண்டல் ரோட்டில் ஒரு பட்டறையை மூடுகிறார்களாம். லேத் மூன்று லட்சம்.

"வித்துடு ரஷ்மின்."

திரையில் அவர் பங்கின் மதிப்பு மூன்று லட்சத்துப் பத்தாயிரம் காட்டியது. எனக்கு மனசே வரவில்லை. "இன்னும் ஏறும் ஜெந்திபாய். இவ்வளவு நாள் பொறுத்தீங்க, இன்னும் ஆறு மாசம் பொறுங்க. இந்தத் தடவை நான் கண்ணை மூட மாட்டேன்."

"எனக்கு வயசு அம்பத்திமூணு. லேத்துக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன். லேத் வந்துடுச்சு."

விற்றேன். லேத் டிராக்டரில் வந்து இறங்கியது. முக்தாபென் அதற்குக் குங்குமம் வைத்து, எனக்கு ஒரு பெட்டி பேடா அனுப்பினாள்.

ஆனால் பங்கு நிற்கவில்லை. ஆறு மாதத்தில் ஒன்றரை மடங்கு ஆனது. நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்று உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் அடக்க முடியாமல் அவர் பட்டறைக்கே போய்விட்டேன். இரும்பு, சுருள் சுருளாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஜெந்திபாய், அந்த பேரிங் பங்கு இப்ப என்ன விலை தெரியுமா?"

அவர் மோட்டாரை நிறுத்தினார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார்.

"சொல்லாதப்பா," என்றார். "நான் இதை மூணு லட்சத்துக்கு வாங்கினேன். நீ வாயத் திறந்தா இது நாலரை லட்சமா ஆயிடும்."

பிறகு மோட்டாரைப் போட்டார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, அவர் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வந்தேன்.