படிவம் மூன்று படித்த கத்தரினின் பாடக்குறிப்புகள்

கத்தரின் எழுதிய முதல் கட்டுரை, இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்பதைப் பற்றியது. மகள் ஃபெலிசியா அப்போது மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. அறிவியலை ஆங்கிலத்தில் நடத்திய காலம் அது. பிள்ளை பாடத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு, "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்பாள். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திய கத்தரினுக்கும் தெரியாது.

மின்னணுத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. விடுமுறைச் சனிக்கிழமைகளில் குளுவாங் நூலகத்துக்குப் பஸ் ஏறினாள். மலாய்ப் புத்தகங்களைப் புரட்டி, புரிந்ததை மகளுக்குச் சொல்வதுபோலவே தமிழில் எழுதினாள். கணவன் ரொனால்ட் வாசித்துப் பார்த்தான்.

"நம்ம வீட்டுலயே வச்சிருந்தா எப்படிலா? மத்த பிள்ளைங்களும் படிக்கட்டும்" என்று இணையத்தில் இலவசமாக ஒரு பக்கம் திறந்து கொடுத்தான்.

பரோட்டா போன்ற ரொட்டி சானாயைப் பிய்த்துக் காட்டிப் பின்னம் விளக்கினாள். வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளையோடு கத்தாமல் உட்காருவது எப்படி என்று பெற்றோருக்கும் எழுதினாள். கட்டுரைகளின் கீழே 'நன்றி டீச்சர்' என்று பதில்கள் வரத் தொடங்கின. டீச்சர் என்ற அந்தச் சொல் இனித்தது. திருத்தாமல் விட்டுவிட்டாள்.

மூன்றாம் வருடம், மூவாரிலிருந்து மதிவாணன் என்ற தலைமையாசிரியர் எழுதினார். ஆசிரியர்களுக்கு ஒரு பட்டறை, 'ஆசிரியை கத்தரின்' வந்து பேச வேண்டும்.

"நான் போகலைங்க" என்றாள் ரொனால்டிடம்.

"பொய்யா ஏதும் எழுதுனியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? கார்ல ஏறு."

மண்டபத்தில் நாற்பது ஆசிரியர்கள். கத்தரின் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க. நான் டீச்சர் இல்ல. ஃபார்ம் த்ரீயோட நிறுத்திட்டேன். ஃபேக்டரில வேலை பாக்குறேன்."

மூன்றாம் வரிசையிலிருந்து ராஜம்மா என்ற ஆசிரியை எழுந்தார். கையில் அவள் கட்டுரைகளின் அச்சுப் பிரதிகள், ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. காந்தம் எல்லா உலோகத்தையும் இழுக்கும்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு. மத்ததெல்லாம் நான் வகுப்புல சொல்லிக் குடுத்துகிட்டுத்தான் இருக்கேன். இனிமே எனக்கு அனுப்புங்க, பாத்துத் தாரேன். எழுதுறத மட்டும் நிறுத்திடாதீங்க."

அன்று மாலையே பக்கத்தின் மேலே புதிதாக ஒரு வரி ஏறியது: எழுதுபவர் கத்தரின், தொழிற்சாலைத் தொழிலாளி, சரிபார்ப்பவர் ராஜம்மா, ஆசிரியை. அதற்குப் பிறகு பதில் எழுதியவர்கள் டீச்சரை விட்டுவிட்டு 'அக்கா' என்றார்கள். ஞாயிறுதோறும் கத்தரின் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் ராஜம்மாவின் அழைப்பு வரும். ஒரு சொல்லுக்காக ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். பதினோரு ஆண்டுகள் அப்படிப் போயின.

இப்போது கத்தரினுக்கு ஐம்பத்தேழு வயது. ஃபெலிசியா சிங்கப்பூரில் மருத்துவமனைத் தாதி. ராஜம்மா ஓய்வுபெற்று மகனோடு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் காணொளி பார்த்துப் படிக்கிறார்கள்; அந்தப் பக்கத்துக்கு வருபவர்கள் குறைவு. அவள் மட்டும் சில பிற்பகல்களில் திறந்து, கட்டுரைகளை விட்டுவிட்டு, அவற்றின் கீழே இருக்கும் பதில்களை வாசிப்பாள். செடெனாக்கிலிருந்து வெள்ளையம்மா என்ற தாய் ஒருமுறை எழுதியிருந்தாள்: 'மகனுக்கு வகுத்தல் கணக்கு புரிஞ்சிருச்சிக்கா. எனக்கும்தான்.'

'மகிழ்ச்சி' என்று மட்டும் அன்று பதில் போட்டிருந்தாள் கத்தரின். வேலைக்குப் போகும் அவசரம். இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம் என்று இப்போது படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.