புரை முத்தட்டும் என்றவனுக்கு

நீ பொய் சொன்னாய். புளி மண்டி முதலாளியே, என் கண் முடிந்துபோனது என்று எல்லாப் பெண்களும் கேட்க நீ சொன்னது பொய். வயதில் நீ என் மகன் மாதிரி. கூலி தருகிறவன் என்பதால் இத்தனை காலம் ‘நீங்க’ என்றே பேசினேன். இங்கே ‘நீ’ என்றுதான் எழுதுவேன்.

பொம்மிடிப் பக்கம் புளி தட்டிப் பிழைக்கிறவள் நான். ஓட்டை உடைத்து, நாரை உருவி, தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். போன வருஷம் மாசியில் எல்லாம் புகைக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. எதிரே வரும் பஸ் விளக்கு பூசணிப்பூ மாதிரி விரிந்தது. புதுப்புளி எது, பழசு எது என்று நிறம் பிடிபடவில்லை. விரலிலேயே தட்டிக்கொண்டேன். புளியில் கொட்டை தங்கியது.

ஒருநாள் என் கூடையைக் காலால் தள்ளினாய்.

“ஆயா, கண்ணு போச்சுன்னா வூட்ல குந்துங்க. என் சரக்கைக் கெடுக்காதீங்க.”

“ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரேங்க. எடத்த மட்டும் வெச்சிருங்க.”

“புரை முத்தாம கைவெச்சா இருக்கிற பார்வையும் போயிரும். முத்தட்டும், பாக்கலாம்.”

முருங்கைக்காயா அது, முத்துவதற்கு? உன்னை யார் டாக்டர் ஆக்கியது?

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டும் அக்காவுக்கும் பார்வை ஓரத்தில் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் நடக்கிற ஆளை இடிப்பாள். தனக்கும் புரைதான் என்று நினைத்திருந்தாள். ஆனால் உன் பேச்சை நம்பவில்லை.

“ஏன்டி, அவன் புளி விக்கறவன். அவங்கிட்டப் போயி கண்ணக் காட்டிக்கிட்டு நிக்கற” என்று தன் இடத்தையும் விட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு தருமபுரி பஸ் ஏறினாள்.

கண் டாக்டர் சின்னப் பெண். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தாள்.

“முத்தணும்னு காத்திருக்க வேணாம்மா. வேலைக்கு இடைஞ்சலா இருந்தாலே எடுத்துடலாம். ரொம்ப முத்தவிட்டாத்தான் ஆபரேஷன் கஷ்டம்.”

அடுத்து அக்காவின் கண்ணைப் பார்த்தபோது டாக்டரின் முகம் மாறியது. அக்காவுக்கு இருந்தது புரை இல்லை, கண்ணுக்குள் அழுத்தம். வலிக்காமலே நரம்பைத் தின்றுவிடுமாம். இடது கண்ணில் போனது திரும்பாது. தினமும் மருந்து விட்டால் வலது கண்ணைக் காப்பாற்றலாம். இன்னும் காத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

அக்கா அழவில்லை. வெளியே டீ குடிக்கும்போது சொன்னாள்: “உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. மொத்தம் மூணு கண்ணு. அவனுக்கு ரெண்டுதான்டி.”

எனக்கு ஒரு கண்ணில் லென்ஸ் வைத்தார்கள், சில மாதம் கழித்து அடுத்ததிலும். கட்டைப் பிரித்த காலையில் ஆஸ்பத்திரிச் சுவரின் நீலத்தைப் பார்த்துவிட்டு, எப்போது பெயின்ட் அடித்தீர்கள் என்று நர்ஸைக் கேட்டேன். சுவர் பழசாம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

இந்த மாசியில் இருவரும் மண்டி வாசலில் வந்து நின்றோம். “எடம் இல்லீங்க” என்றாய், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

உள்ளே தட்டும் சத்தம் நின்றது. யாரும் சைகை காட்டவில்லை. அத்தனை பெண்களும் கையை மடியில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி கேட்டாள்: “அண்ணா, நாளைக்கு எங்க கண்ணும் மங்கும். அப்ப எங்களையும் இப்பிடித்தான் தொரத்துவீங்களா?”

சரக்குக்குக் காத்திருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “சரி, சரி, குந்துங்க” என்றாய்.

உட்கார்ந்தோம். அன்று சாயங்காலம் என் கூடையை நீயே கிளறினாய். ஒரு கொட்டை அகப்படவில்லை. அக்கா சிரித்த சிரிப்பு ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது மண்டியில் வயதானவர்கள் ஒவ்வொருவராகக் கண் காட்டப் போய்வருகிறார்கள். யாருடைய இடமும் போவதில்லை. போகவும் விடமாட்டோம்.

ஆனால் எங்களுக்கு முன்னால் நீ விரட்டிய பெண்கள் சித்தேரி மலை வரைக்கும் வீடுகளில் தடவிக்கொண்டு கிடக்கிறார்கள். யாருக்குப் புரை, யாருக்கு அழுத்தம், யாருக்குச் சர்க்கரை கண்ணைக் கெடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அவர்களில் ஒருத்தியிடமாவது, “டாக்டரைப் பார், உன் இடம் இருக்கும்” என்று சொன்னாயா? கூலி கொடுக்கும் சனிக்கிழமை, எல்லாரும் கூடி நிற்கும்போது, மண்டி வாசலில் நின்று பதில் சொல்.