மயிலிக்கு வைத்த குறி

இப்போது எங்கள் மாடுகளின் காதுகளில் இலக்கம் போட்ட மஞ்சள் தகடு தொங்குகிறது. அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் அதைக் குத்திவிட்டுப் போவார்கள். மாடு ஒரு தரம் தலையை உதறும். அத்தோடு சரி. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அப்படியல்ல. ஒரு மாடு இன்னாருடையது என்பதை அதன் தொடையில் நெருப்பால் எழுத வேண்டியிருந்தது. அதைக் குறி சுடுவது என்போம்.

எங்கள் ஊர் முருங்கனிலிருந்து உள்ளே போகும் வயற்கரை ஊர். கோடையில் மாடுகள் குளத்து அலைகரையில் தம் பாட்டில் மேயும். காலபோக விதைப்புத் தொடங்கிவிட்டால் அவற்றை ஊருக்குள் வைத்திருக்க முடியாது, பயிரில் வாய் வைத்துவிடும். ஆகவே மழைக்கு முன் எல்லா வீட்டு மாடுகளையும் காட்டோரத்துப் பட்டிக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். கறவையில் இருக்கும் ஒன்றிரண்டு பசுக்கள் மட்டும் வீட்டு வளவில் நிற்கும். மற்றவை அறுவடை முடியும் வரை காட்டில் ஒன்றாகக் கலந்து மேயும். அதனால் போகுமுன் அந்த வருஷத்துக் கன்றுகளுக்குக் குறி வைத்தாக வேண்டும். குறியில்லாமல் காட்டுக்குப் போன கன்று கண்டவருக்குச் சொந்தம்.

எங்கள் அப்பப்பாவின் குறி ஒரு பிறை. அவருக்குப் பிறகு அது மூத்த மகனான பெரியப்பாவுக்குப் போனது. அப்பா கலியாணம் முடித்துத் தனியாக வந்தபோது, அதே பிறையின் கீழே ஒரு கோடு சேர்த்துத் தனக்கென்று ஒரு குறிக்கம்பி அடிப்பித்துக்கொண்டார். வெறும் பிறை என்றால் பெரியப்பா வீடு. பிறையும் கோடும் என்றால் எங்கள் வீடு. எழுத்துக் கூட்டப் பழகுமுன்பே எனக்கு இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியும்.

குறி வைப்பதில் ஒரு முறை இருந்தது. கயிறு போட, கால் பிடிக்க, நெருப்பு மூட்ட யாரும் வரலாம். கம்பியை மட்டும் மாட்டுக்கு உரியவர்தான் பிடிக்க வேண்டும். வேறு கை பிடித்தால் மாடு அந்த வீட்டில் தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒரு பசுக்கன்றை அவள் பெயருக்கு விடுவார்கள். பிறகு அது ஈனுவதும், அதன் கன்றுகள் ஈனுவதும் அவளுடையவை. அவள் கலியாணம் முடித்துப் போகும்போது அவையும் கூடப் போகும். எனக்கு விடுவதற்குக் கன்று வாய்க்கவில்லை. எங்கள் சாம்பல் நிறப் பசு அடுத்தடுத்து நாம்பன் கன்றுகளையே போட்டது. பெரியப்பாவின் மகள்மார் தங்கள் மாடுகளைப் பற்றிக் கதைக்கும்போது நான் எழுந்து போய்விடுவேன். கடைசியில் நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் அது ஒரு பசுக்கன்று ஈன்றது. தாயைப் போலவே சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் சற்றுக் கறுப்பு. மயிலி என்று பெயர் வைத்தேன். காதுக்குள் உண்ணி பிடுங்கினேன், பூவரசங்குழை ஒடித்துப் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டு பின்னால் திரியும். அதன் தொடையில் எங்கள் குறி விழும் நாளுக்காகக் காத்திருந்தேன். அந்தக் கோடு விழுந்த பிறகுதான் அது முழுக்க என்னுடையது என்பது என் கணக்கு.

அந்த வருஷம் அப்பாவுக்குச் சுகமில்லை. வயிற்றுக்குத்து என்று சொன்னார்கள். காலையில் இரண்டு பால் கேன்களையும் சைக்கிளில் கட்டி முருங்கனுக்கு மிதித்துப் போகிறவர், பாதி வழியில் இறங்கி உருட்டத் தொடங்கினார். மன்னார் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்த நாளில் மதவாச்சி தாண்டிக் கொழும்புக்குப் போய் வருவது லேசான காரியமல்ல. அம்மா கைக்குழந்தையான தம்பியையும் தூக்கிக்கொண்டு கூடப் போனார். நான் பெரியப்பா வீட்டில் நின்றேன்.

திரும்பி வந்தபோது ஒரு பை நிறையத் தோடம்பழம் கொண்டுவந்தார்கள். நான் அவ்வளவு தோடம்பழத்தை ஒன்றாகப் பார்த்ததில்லை. அப்பாவுக்குச் சுகமாகிவிட்டதா என்று கேட்டேன். "ஓம், இனி வீட்டிலை நிக்கலாமாம்" என்றார் அம்மா. வீட்டில் நிற்கலாம் என்றால் சுகம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அப்பா பகலிலும் படுத்தார், கஞ்சி மட்டும் குடித்தார். எங்கள் பாலும் பெரியப்பாவின் சைக்கிளில் போனது. நான் தோடம்பழத்தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

குறி சுடும் நாள் விடியவே பெரியப்பா தன் கன்றுகளைச் சாய்த்துக்கொண்டு எங்கள் பட்டியடிக்கு வந்தார். வழக்கமாக அவருடைய வளவில்தான் நடக்கும். அப்பாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதால் இந்த முறை எங்கள் வளவில். கயிறு போடுவதில் கெட்டிக்காரரான பக்கத்து வளவு மாமாவும் தன் மருமகனோடு வந்தார். பாலைமர விறகு எரிந்து தணல் விழுந்தது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தணலுக்கு அருகே ஒரு கட்டையில் இருந்தார்.

பக்கத்து வளவு மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன முதலாளியம்மா, உங்கட சொத்து எங்கை? ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ?"

"மயிலிக்குக் கடைசியாத்தான். அவளுக்குப் பயம்" என்றேன்.

"அவளுக்கோ, உனக்கோ?"

"அவளுக்குத்தான்!"

"சரி சரி. குறி வைச்ச கையோடை மாப்பிள்ளையும் பாப்பம். என்ரை வீட்டு நாம்பன் நல்ல பொடியன். வெத்திலை கூடப் போடமாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பெரியப்பா சிரித்ததாக நினைவில்லை.

முதலில் பெரியப்பாவின் கன்றுகளுக்கு அவரே குறி வைத்தார். பிறகு எங்கள் கன்றொன்றை மாமா கயிறு போட்டு விழுத்தினார். மருமகன் தலையை அமர்த்தினான். அப்பா எழுந்து தணலிலிருந்து கம்பியை எடுத்தார். எடுத்தவர் கன்றிடம் போகாமல் பெரியப்பாவின் பக்கம் திரும்பி அதை நீட்டினார்.

"அண்ணை, வாங்கோ."

பெரியப்பா வேலிக் கப்பில் ஒரு கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கம்பி ஆறுது."

"எனக்கு ஏலாது, தம்பி."

"கதைச்ச கதை தானே. வாங்கோ."

"மாட்டைப் பாக்கிறன் எண்டு சொன்னனான், பாப்பன். இதைப் பிடிக்கச் சொல்லாதை." அவர் அந்தக் கயிற்றை மறுபடியும் அவிழ்த்தார்.

கம்பியின் சிவப்பு மங்கிப் போயிருந்தது. அப்பா அதைத் திரும்பத் தணலில் வைத்துக் காத்திருந்தார். பெரியப்பா வரவில்லை. கீழே கிடந்த கன்று உதைத்தது. அப்பா கம்பியை எடுத்து, ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு குனிந்து, தானே வைத்தார். மயிர் கருகும் மணம் எழுந்தது. கன்று கத்தியது. அவர் கை எடுத்ததும் தொடையில் ஒரு பிறை இருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

"அப்பா! கோடு விட்டுப்போச்சு!" என்று கத்தினேன்.

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. சுகமில்லாதவர் கவனியாமல் பெரியப்பாவின் கம்பியை எடுத்துவிட்டார். எங்கள் கம்பி மாட்டுக்கொட்டிலின் கூரை இறப்பில் செருகியபடியே இருந்தது. ஓடிப்போய் அதை உருவிக்கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்தேன்.

"இதுதான் எங்கட. நீங்கள் மாறி எடுத்துப்போட்டியள்."

அப்பா வாங்கினார். அதை நெருப்பில் வைக்கவில்லை. பக்கத்தில் நிலத்தில் வைத்தார்.

"இந்த முறை கோடு வேண்டாம், குஞ்சு."

"ஏன்?"

"பெரியப்பான்ரை மாடுகளோடை நிண்டு மேயட்டும்."

"மயிலிக்கு? மயிலிக்கும் வேண்டாமோ?"

அவர் பக்கத்து வளவு மாமாவைப் பார்த்தார். காலையிலிருந்து வாய் ஓயாதவர், இப்போது அடுத்த கன்றுக்குக் கயிறு எடுக்கப் போய்விட்டார்.

"மயிலிக்கும்தான்" என்றார் அப்பா.

நான் மயிலியின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளவின் பின்பக்கம் ஓடினேன். பனங்கூடல் வரை போனேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு தூரம் போகவில்லை, கிணற்றடியிலேயே பிடிபட்டாய் என்பார் அம்மா. எதுவானாலும் அம்மாதான் வந்தார். ஏசவில்லை, அடிக்கவில்லை. கயிற்றிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் திரும்பிப் பிடித்தேன். அவர் திரும்பவும் கழற்றினார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. என் மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன்.

மயிலியை விழுத்தியபோது மாமா தணிந்த குரலில், "நான் வைக்கட்டே? நீங்கள் இருங்கோவன்" என்றார். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். முழங்காலில் நின்று, முகத்தை அதன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு வைத்தார். மயிலி கத்திய கத்தலில் அதன் தாய் கொட்டிலுக்குள் நின்று பதில் கத்தியது. பிறகு பெரிய மாடுகளையும் ஒவ்வொன்றாகக் கட்டி, பழைய குறி இல்லாத மற்றத் தொடையில் பிறையை வைத்தார்கள். கடைசிப் பசு எழுந்து ஓடியபோது அப்பாவால் எழும்ப முடியவில்லை. பெரியப்பா அப்போதுதான் வேலியை விட்டு வந்தார். குனிந்து, தம்பியாரை இரண்டு கைகளாலும் ஒரு குழந்தையைப் போலத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோனார். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. மயிலியின் தொடையில் தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சளைப் பூசி ஊதிக்கொண்டிருந்தேன்.

அந்த மழை ஓயுமுன் அப்பா செத்துப்போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு விடியலிலும் பெரியப்பா எங்கள் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, முதல் பாலில் ஒரு செம்பு வார்த்துவிட்டுத்தான் முருங்கனுக்குப் போவார். நான் அந்தப் பாலைக் குடிக்கவில்லை. வெறுந்தேத்தண்ணி குடித்தேன்.

"பிள்ளைக்கு என்ன, பால் பிடிக்கேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"பால் சூடாம்" என்றார் அம்மா.

"அப்ப தயிர் தாறன்."

தயிர்ச்சட்டியும் வந்தது. அதையும் நான் தொடவில்லை.

மயிலி வளர்ந்து தலைக்கன்று போட்டபோது பெரியப்பா முதல் கடும்புப் பாலை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தார். அன்று சைக்கிளில் வரவில்லை. சிந்தாமல் இருக்க நடந்து வந்தார்.

"பிள்ளை, உன்ரை மாட்டின்ரை கடும்பு. பசுக்கன்று."

"அது உங்கட மாடு. பிறைதானே கிடக்குது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டியை அம்மியில் வைத்துவிட்டுப் போனார். வெயில் அவர் முதுகில் அடித்தது. படலையைச் சாத்த மறந்துவிட்டார். அப்படி மறக்கிறவர் அல்ல.

நான் கலியாணம் முடித்த வருஷம், மயிலியின் வழியில் வந்தவை எல்லாவற்றையும் அவர் சாய்த்துக்கொண்டு வந்து எங்கள் வளவில் விட்டார். இன்றைக்கும் என் கொட்டிலில் நிற்பவை அவற்றின் வழியில் வந்தவைதான். அன்று அவர் மாடுகளை விட்டுவிட்டுப் போன பிறகு அம்மா அடுப்படியிலிருந்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"கொப்பர் கொழும்பாலை வந்த கையோடை அவரைக் கூப்பிட்டுக் கேட்டவர். ஆம்பிளை இல்லாத வீட்டு மாடு காட்டிலை நிண்டால் ஆர் தேடப்போறது? ஒருத்தன் கயிறு போட்டால் போச்சுது. உங்கட குறி கிடந்தால் ஒருத்தனும் தொடமாட்டான், என்ரை பிள்ளையளுக்குப் பாலாவது மிஞ்சும் எண்டு. பெரியப்பா லேசிலை சம்மதிக்கேல்லை. கடைசியிலை ஓம் எண்டவர், கம்பி மட்டும் பிடிக்கமாட்டன் எண்டிட்டார்."

"ஏன்?"

"கம்பி பிடிக்கிறவர்தானே மாட்டுக்குச் சொந்தக்காரர். பிடிச்சால் என்ரை தம்பி பிழைக்கமாட்டான் எண்டு நான் ஒத்துக்கொண்ட மாதிரியாம்."

பட்டியடியில் அன்று நின்ற எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. கயிறு போட்டவருக்கும் தெரியும், தலையை அமர்த்தியவனுக்கும் தெரியும். அவர்களுக்கு நடுவில் எங்கள் கம்பியைத் தூக்கிக்கொண்டு நின்ற எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: சுகமில்லாத அப்பா குனிந்து குனிந்து நெருப்போடு வேலை செய்கிறார். எங்கள் மாடுகளை எல்லாம் கொண்டுபோகப் போகிறவர், ஒரு கம்பி பிடித்துக்கூட உதவாமல் வேலியோடு நிற்கிறார்.