கடவுளுக்கு விட்ட வரிசை

என் மாமனாரோடு பஸ் ஏறப் போனால் பஸ் போய்விடும். படியில் கால் வைக்கும் முன் கண்ணை மூடி வேண்டிக்கொள்வார். நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் வேண்டுதல். கண்ணைத் திறக்கும்போது டீசல் புகை மட்டும் இருக்கும். "அடுத்தது வரும்" என்பார், அதுவும் தனக்குக் கிடைத்த அருள் மாதிரி.

மோட்டார் போடும் முன் வேண்டுதல். மண்வெட்டியைத் தொடும் முன் வேண்டுதல். சாப்பாட்டு வேண்டுதல்தான் இருப்பதிலேயே நீளம். மழை, மாடு, பேத்தியின் சளி, வரப்பை எங்கள் பக்கம் நகர்த்திய பக்கத்து வயல்காரன், அவனுடைய மாடு. என் மகள் ஒரு கண்ணைத் திறந்து தட்டைப் பார்ப்பாள். அத்தை இரண்டு கண்ணையும் திறந்து அவரைப் பார்ப்பார்.

"கடவுளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். ஒரு தடவை சொன்னாப் போதும்."

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த வரிசை.

மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்ததும் மாமா வயலைச் சுற்றுவார். இருப்பதிலேயே நல்ல வரிசையைப் பார்த்து, அதன் முதல் செடியில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டுவார். அது கடவுளுடையது. கிளி தின்னலாம், எலி தின்னலாம், வழியே போகிறவன் ஒடித்துக்கொண்டு போகலாம். நாங்கள் தொடக்கூடாது. அந்த வரிசைக்கு வந்த காட்டுப்பன்றிகள் அதோடு திரும்பிப் போனதும் இல்லை.

"உங்க கடவுள் எப்பவும் விருந்தாளிகளோடதான் வர்றார்" என்பார் அத்தை. "ஓரத்துல சோகையா நிக்குதே, அதைக் குடுத்தா வேண்டாம்பாரா?"

"சோகையைக் குடுத்து அனுப்ப அவர் என்ன நம்ம சம்பந்தியா?"

அந்தச் சம்பந்தியின் மகள் நான். பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு வருஷம், துணியைக் கட்டின கையோடு மழை நின்றது. கிணறு சேறானது. மோட்டார் காற்றைக் குடித்துக் கத்தியது. வாய்க்காலை ஒட்டிய ஒரு வரிசை மட்டும் எங்கோ மிச்சமிருந்த ஈரத்தைப் பிடித்துப் பிழைத்துக்கொண்டது. துணி அதில்தான் இருந்தது. மற்ற கதிர்களெல்லாம் பொக்கை வாய். நாங்கள் எப்போதும் சொந்தக் கதிரில்தான் விதை எடுத்து வைப்போம். விதைக்கடையில் கேட்டால் காலிச் சாக்கை உதறிக் காட்டினார்கள். அடுத்த விதைப்புக்கு எங்களுக்கென்று இருந்ததெல்லாம் அந்தத் துணிக்குப் பின்னால் நின்றது.

"அவிழ்த்துடுங்க" என்றார் அத்தை.

"குடுத்தது குடுத்ததுதான்."

"அப்ப எதை விதைக்கறது?"

"அவர் பார்த்துப்பார்."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கார், இத்தனை நாளா!"

என் கணவரை அப்பாவிடம் பேசச் சொன்னேன். "அவர்கிட்ட யாரு பேசறது" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த வீட்டு ஆண்களில் ஒருவர் கண்ணை மூடுவார், இன்னொருவர் காணாமல் போவார்.

அத்தை ஒரு சாக்கை என்னிடம் கொடுத்து, "பிடிச்சுக்கோ, வா" என்றார். பட்டப்பகல். மாமா வரப்பில்தான் இருந்தார். அவர் கண்முன்னாலேயே அத்தை ஒவ்வொரு கதிராகத் திருகி ஒடித்துச் சாக்கில் போட்டார். மாமா தடுக்கவில்லை. திட்டவும் இல்லை. கண்ணை மூடி உரக்க ஆரம்பித்தார்.

"கடவுளே, இவ தெரியாமப் பண்ணலை. நல்லாத் தெரிஞ்சேதான் பண்றா. உன்கிட்ட நான் எதையும் மறைக்கலை. இருந்தாலும் மன்னிச்சுடு. மருமகளையும் மன்னிச்சுடு. அவ சாக்கு மட்டும்தான் பிடிச்சா."

"சொல்ல வேண்டியதை என்கிட்டச் சொல்லுங்க! அங்க என்ன கோள்மூட்டல்?" அத்தை கையிலிருந்த கதிரை அவர்மேல் வீசப் போனார். விதை என்று ஞாபகம் வந்து சாக்கில் போட்டார்.

பிறகு மழை வந்தது. விதைத்தோம், முளைத்தது. முழங்கால் உயரம் வந்ததும் மாமா துணியோடு வயலுக்குப் போனார். வெகுநேரம் சுற்றிவிட்டுத் துணியோடேயே திரும்பி வந்தார்.

"எந்த வரிசையில கட்டறது? எல்லாமே அவர் விதை. முழு வயலும் அவரோடது. நாம தொடக்கூடாது."

நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"அப்ப நாம என்ன தாத்தா சாப்பிடறது?" என்றாள் என் மகள். இந்த மனிதர் செய்வார். விளைந்ததை முழுக்கப் பன்றிக்கு விட்டுவிட்டு வரப்பில் கண்ணை மூடி நிற்பார். எனக்குச் சந்தேகமே இல்லை.

அத்தை கத்தவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தார்.

"திருடினது யாரு?"

"நீ."

"நீங்களே சாட்சி சொல்லியாச்சு. தண்டனை யாருக்கு?"

மாமா யோசித்தார். "உனக்குத்தான்."

"பாவம் எனக்கு, பயிர் மட்டும் அவருக்கா? அவர் வந்து கேக்கும்போது நான் பதில் சொல்லிக்கறேன். அதுவரைக்கும் அது என் வயல். நீங்க கூலிக்கு வாங்க. கூலி ஒரு வரிசை. அதை நீங்க யாருக்கு வேணா குடுங்க."

மாமா கண்ணை மூடினார். நாங்கள் காத்திருந்தோம். அடுப்பில் இருந்தது அடிபிடித்தது.

"வரிசையை நான்தான் பொறுக்குவேன்" என்றார் கண்ணைத் திறந்து.

"பொறுக்கித் தொலைங்க."

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வாசலில் நின்று, "இன்னிக்கு என்ன வேலை?" என்றார். அன்றிலிருந்து அவராக ஒரு முடிவு எடுத்ததில்லை. உரம் போட வேண்டுமா, மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமா, வியாபாரிக்கு என்ன பதில், எதைக் கேட்டாலும் "முதலாளியைக் கேளுங்க." வரப்பை நகர்த்தியவன் சண்டைக்கு வந்தபோதும் அதேதான். முட்டி வலியோடு அத்தை வயலுக்கும் வீட்டுக்கும் அலைந்தார். மாமா முகத்தில் அப்படியொரு நிம்மதி. சாப்பாட்டு வேண்டுதலில் புதிதாக முதலாளியின் முட்டியும் சேர்ந்துகொண்டது, சோறு இன்னும் ஆறியது.

கடைசியாகக் காய்ச்சலில் படுத்தார். மருந்து கொடுக்க வந்த அத்தையிடம், "நாளைக்கு வேலைக்கு வர முடியாது போலிருக்கு" என்றார்.

"யாரைக் கேட்டு?"

"உன்னைத்தான் கேக்கறேன்."

"அறுவடை கிடக்கு. லீவெல்லாம் கிடையாது." சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினார்.

கிடையாது என்ற பிறகும் மாமா லீவு எடுத்துக்கொண்டார், ஒரேயடியாக.

அந்த அறுவடையில் எல்லாம் முடிந்து அவர் வரிசை மட்டும் நின்றது, துணியோடு. என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஒடி. வேலைக்கு வராத ஆளுக்கு என்ன கூலி?"

நான் அசையவில்லை. அத்தையே சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். முதல் கதிரைப் பிடித்தார். திருகவில்லை. பிடித்தபடியே நின்றார்.

"வந்து என்னன்னு கேக்கச் சொல்லு, அந்த மனுஷனை" என்றார்.