மாமியார் கூடப் போன ஆராய்ச்சி

போன வியாழக்கிழமை எதிர்வீட்டில் ஒரே சத்தம்.

அந்த வீட்டுப் பெண் காலேஜில் சோஷியாலஜி படிக்கிறாள். ஒரு மாசம் எடப்பாடிப் பக்கம் போய், தறி ஓட்டுகிற வீடுகளில் பேசி எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். இன்டர்ன்ஷிப்பாம். அவளுடைய அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஊடு ஊடா சுத்தறதுக்கு ஒரு காலேஜா? இதுக்கு ஒரு ஃபீஸா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள்.

பெண் நேராக என்னிடம் ஓடி வந்தாள். "ஆயா, நீங்களாச்சும் சொல்லுங்க. இதுக்கு கிரெடிட் இருக்குதுங்க. பரீட்சை எழுதற மாதிரியே இதுவும் டிகிரியில சேரும். அம்மாவுக்குப் புரிய மாட்டேங்குது."

எனக்கா புரியாது? நான் மூணாவதோடு நின்றவள்தான். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் கண்ணுகளா, இந்த விஷயம் எங்கள் வீட்டுக்கு எண்பதுகளிலேயே வந்துவிட்டது. கொண்டு வந்தவள் என் மருமகள் கலைச்செல்வி. கூடப் போனவள்... நானேதான்!

எங்களுக்கு ஒரே பையன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. கலைச்செல்வியைப் பெண் கேட்டுப் போனபோது அவள் சேலத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா நகை பேசவில்லை, சீர் பேசவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "புள்ள டிகிரியை முடிக்கோணுமுங்க."

என் வீட்டுக்காரர் அத்தனை பேர் உட்கார்ந்திருந்த சபையில், "தாராளமா முடிக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டார். சொன்னதென்னவோ சுலபம். வாரமெல்லாம் ஹாஸ்டல், சனி ஞாயிறு மட்டும் மருமகள் வீட்டில் — எங்கள் ஊர் எருமப்பட்டி முழுக்க எங்களைப் பற்றித்தான் பேச்சு. "மருமகளா, லீவுக்கு வர்ற விருந்தாளியா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும்.

கடைசி வருஷம் வந்தது. ஒரு பேப்பருக்குப் பரீட்சை கிடையாதாம். அதற்குப் பதில் ஏதாவது ஒரு ஊருக்குப் போய், வீட்டுக்கு வீடு கேட்டு, ஆராய்ச்சி எழுதித் தர வேண்டும். அதற்கு முழு மார்க். அது தேறாவிட்டால் டிகிரியே இல்லை.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? திருச்செங்கோட்டுப் பக்கம் ஆம்பளைகளெல்லாம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு ஆந்திராவுக்கும் வடக்கேயும் போய்விடுவார்கள். மாசக்கணக்கில் வர மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் முடிவெடுப்பது யார்? இதுதான் கேள்வி.

நல்ல கேள்விதானே? எனக்கே பதில் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"தனியாப் போகக்கூடாது. அத்தை கூட வரட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் சந்தோஷம். நாலு பேர் வீட்டுக்குப் போகிறோமே என்று நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டினேன். தலைக்குப் பூ. அவளுக்கும் வைத்துவிட்டேன். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினோம்.

முதல் வீட்டுக்காரம்மா திகைத்துப் போய்விட்டார். பாய் விரித்தார். கலைச்செல்வி காகிதத்தை எடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். பூமி எத்தனை ஏக்கரா? கிணத்துல தண்ணி எப்படி? பிள்ளைகள் எத்தனை? என்ன வயசு? எதுவரைக்கும் படிப்பு? கல்யாணம் ஆனவர்களா, ஆகாதவர்களா?

உள்ளேயிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். அவளை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். "அம்மிணி எந்தக் கூட்டமுங்க?"

கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் குலவழி. ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்க மாட்டோம், எடுக்க மாட்டோம். யாராவது கேட்டால் சொல்வது வழக்கம். சொன்னேன்.

பெரியவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! "வேற கூட்டந்தான். அட, காபி கொண்டாங்க!"

காபி வந்தது. கொண்டுவந்த பெண் புதுச் சேலை கட்டியிருந்தாள். மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் காபி. அதற்கடுத்த வீட்டில் முறுக்கும் காபியும். அங்கேயும் ஒரு பெண் பளிச்சென்று வந்து நின்றாள். சாயங்காலம் திரும்பி வரும்போது, "அத்தை, ஜனங்க எவ்வளவு நல்லாப் பேசறாங்க பாத்தீங்களா!" என்று கலைச்செல்விக்கு வாயெல்லாம் பல். நாலைந்து சனிக்கிழமை இப்படியே போய் முடித்தோம்.

எழுதியதைக் காலேஜில் கொடுத்தாள். அவளுடைய புரொபசர் அம்மா படித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன கலைச்செல்வி இது? எல்லாக் கிணத்துலயும் தண்ணி ததும்புது. எல்லாரும் தோட்டங்காடு வெச்சிருக்காங்க. அது கூடப் போகட்டும். முடிவெடுக்கறது யாருன்னா, எல்லாப் பொம்பளைங்களும் 'அவுங்க சொல்றதுதான், நாங்க என்ன பேசறது'ங்கறாங்க. புருஷன் எங்கேயோ பாறையில ஓட்டை போட்டுட்டிருக்கான். ஆட்டை விக்கறதா வேண்டாமான்னு தினமும் தந்தியா அடிக்கறாங்க? இது சரியில்லை. திரும்பப் போ. சரியா வரலைன்னா இந்தப் பேப்பர் தேறாது."

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "அத்தை, நான் எழுதுனது ஒரு எழுத்துப் பொய் இல்லைங்க. அவங்க சொன்னதைத்தான் எழுதுனேன்." எனக்கும்தான் தெரியுமே! நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே!

பிறகு எங்கேதான் தப்பு?

அந்தத் தப்பு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து இறங்கியது. ஒரு டாக்சி. முதல் வீட்டுப் பெரியவர், அந்த வீட்டுக்காரம்மா, இன்னும் இரண்டு பேர். கையில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொன்னார்.

"அப்புறம், மாப்பிள்ளைப் பையன் எங்கீங்க? கண்ணுல காட்டுங்க" என்றார் பெரியவர்.

"எந்த மாப்பிள்ளைங்க? எங்களுக்கு ஒரே பையன். அதா நிக்கறான். இந்தப் புள்ளையோட வீட்டுக்காரன்" என்று கலைச்செல்வியைக் காட்டினார் இவர்.

பெரியவர் பையனைப் பார்த்தார். கலைச்செல்வியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி... கட்டுன பொண்டாட்டியவே கையில காகிதம் குடுத்து அனுப்பி, ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணு பாக்கறீங்களா? இது அடுக்குமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல சேலையும் பூவுமாக ஒரு மாமியாரும் மருமகளும் வந்து, பூமி எவ்வளவு, தண்ணி எவ்வளவு, வயசுப் பெண் உண்டா என்று கேட்டால் எங்கள் சீமையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்! வரப்போகிற சம்பந்தியிடம் எவன் கிணறு வற்றிப்போனது என்பான்? வரப்போகிற மாமியார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, எந்தப் பெண்ணைப் பெற்றவள் "எங்க ஊட்டுல நான் வெச்சதுதான் சட்டம்" என்பாள்?

கலைச்செல்விதான் முன்னால் வந்தாள். பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பழத்தட்டும் டாக்சியில் ஏறிவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்! "இனி எந்த மூஞ்சியை வெச்சுட்டு அந்தப் பக்கம் போறது? படிச்ச வரைக்கும் போதும். நாளைக்கு யாரும் பஸ் ஏற வேண்டாம்!"

கலைச்செல்வி அழவில்லை. "மாமா, நாம போகாம உட்டுட்டாத்தான் அந்த ஊர்ல கெட்ட பேச்சு நிலைச்சுப் போகும்ங்க. நேர்ல போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்றாள். அவர் காதில் வாங்கவே இல்லை.

அவர் சாப்பிட உட்காரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னேன்: "புள்ளையோட அப்பன் சீரைப் பத்திக்கூடப் பேசலைங்க. உங்க வார்த்தை ஒண்ணைத்தான் கேட்டாரு. அத்தனை பேர் நடுவுல குடுத்தீங்க. இப்ப இல்லைன்னா, ஒரு நடை போய் அவருகிட்டச் சொல்லிட்டு வந்துருங்க. நான் வரலை."

குழம்பு ஊற்றினேன். கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தார். "சரி... போகட்டும். நீயும் கூடப் போ."

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் கலைச்செல்வி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "அத்தை... கோவிச்சுக்காதீங்க. நீங்க மாரியம்மன் கோயில்லயே உக்காந்துக்கறீங்களா? உள்ள வர வேண்டாமுங்க."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. கோயில் நிழலில் உட்கார்ந்தேன்.

எதிரே கடலை விளைந்த காட்டில் பெண்கள் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பழைய சேலையில் போய் நின்ற இவளை ஒருத்தி விட்டாளில்லை. "வாம்மா மாப்பிள்ளை தேடறவளே! எம் புள்ளை சேலை மாத்திட்டு நின்னாளே, அதுக்கு என்ன சொல்றே?" கோயில்வரைக்கும் கேட்டது.

அவள் கீழே உட்கார்ந்து, ஒரு கட்டுக் கடலைச் செடியை மடியில் இழுத்துப் போட்டு ஆய ஆரம்பித்தாள். அப்புறம், "அக்கா, நான் கேட்டதையெல்லாம் இப்ப நீங்க என்னைக் கேளுங்க. ஒண்ணு விடாமச் சொல்றேன்" என்றாளாம். இது அவள் பஸ்ஸில் எனக்குச் சொன்னது.

விடுவார்களா? பூமி எவ்வளவு, நகை எவ்வளவு, புருஷன் அடிப்பானா, குடிப்பானா... கேட்டுத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் ஒருத்தி கேட்டாள்: "உங்க ஊட்டுல முடிவெடுக்கறது யாரு?"

"எங்க மாமாதானுங்க. அத்தை சோறு போடறப்ப என்ன சொல்றாங்களோ, அதை அவரு அடுத்த நாள் முடிவெடுப்பாரு."

அந்தச் சிரிப்பும் கோயில்வரைக்கும் கேட்டது. எதற்கென்றுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை!

அப்புறம் கடலையோடு உண்மையும் உதிர ஆரம்பித்தது. மாட்டை விற்றது யார், மகனை எந்த ஸ்கூலில் போடுவதென்று சொன்னது யார், புருஷனுக்கே தெரியாமல் காட்டைக் குத்தகைக்கு விட்டது யார்... வாரா வாரம் போனாள். எல்லா வீட்டையும் திரும்ப முடித்தாள்.

பழைய பதிலைக் கிழித்துப் போடவில்லை அவள். மாமியார் கூட இருந்தபோது சொன்னது ஒரு பக்கம், கடலைக்காட்டில் சொன்னது மறுபக்கம் என்று இரண்டையும் வைத்தாள். அதைப் படித்து மார்க் போட, வெளியூரிலிருந்து காலேஜுக்குக் கேள்வி கேட்க வந்தவர் மடக்கினாராம்: "இதுல எதைம்மா நம்பறது?"

"ரெண்டையும்தான் சார். யாரு முன்னாடி கேட்டோங்கறதும் பதில்ல சேர்த்திதானுங்களே."

அந்த மனுஷர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "போதும்மா, போயிட்டு வா" என்றாராம். அந்த வருஷம் அவள் வகுப்பிலேயே அந்தப் பேப்பருக்கு அவளுக்குத்தான் அதிக மார்க். சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நான் பெற்ற பெண் இல்லை அவள். ஆனாலும் என் வீட்டுப் பெண்.

ரிசல்ட் வந்த அன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "யாரு என்ன சொன்னாலும் சரி, படிக்கட்டும்னு முடிவெடுத்தது நானாக்கும்!" என்றார்.

"ஆமாமுங்க, நீங்கதானுங்க" என்றேன் நான்.

விருந்தாளிகள் இருந்தார்களே!