அமாவாசையன்று ஆடிய புள்ளிகள்

எண்பதுகளில், ஆந்திர எல்லை நெசவு ஊரான நகரியில் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு விசைத்தறிகள் ஓடின. பக்கத்து வீட்டுக்காரருடையவை. அவை ஓடினால் எங்கள் அலமாரி டம்ளர்கள் தாமாகவே ஓரத்துக்கு நடந்து வரும். சுவரின் விரிசலில் முதலில் என் நகம் நுழைந்தது, பிறகு விரல். தறிகளைத் தள்ளிப் போடச் சொன்னேன்.

"உங்க நைனா மண்ணுல கட்டின சுவரு. அது உழுந்தா எந் தறி இன்னா பண்ணும்?" என்றார்.

அத்தோடு பேச்சு நின்றது. ஏச்சு மட்டும் நடந்தது. எங்கள் சாக்கடையை அவர் வாசல் பக்கம் திருப்பிவிட்ட புண்ணியவானும் நான்தான்.

திருப்பதியில் ஒரு கல்லூரியில் நான் பௌதிக ஆய்வக உதவியாளன். அங்கே ஆப்டிகல் ஃபைபர் ஒரு சுருள் வந்திருந்தது. தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. ஒரு முனையில் லேசர் ஒளியை விட்டால் மறுமுனை எதிரிலுள்ள தாளில் சிவப்புப் புள்ளிகளை இறைக்கும். இழை கிடக்கும் தரை துளி அதிர்ந்தாலும் புள்ளிகள் ஈசல் போலப் பறக்கும். பேராசிரியரிடம் கெஞ்சி, சுருளையும் லேசர் விளக்கையும் வேட்டியில் சுற்றி, புத்தூர் வழி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

தெருப் பெரியவர் ஒருவர் நடுவில் நின்றார். தறி ஓடாதபோது புள்ளிகள் நிற்க வேண்டும், ஓடும்போது ஆட வேண்டும். அப்படியானால் தறிகள் தள்ளிப் போகும்; இல்லையென்றால் நான் வாயை மூட வேண்டும். முதல் சோதனைக்கு அமாவாசையைக் குறித்தவன் நான். அன்று எங்கள் ஊரில் யாரும் தறியைத் தொடமாட்டார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சுவரோரம் இழையைப் போட்டு மேலே செங்கல் வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். பெரியவரும் பக்கத்து வீட்டுக்காரரும் பாயில் சம்மணமிட்டார்கள். "யாரும் அசையக் கூடாது" என்று அதட்டிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து லேசர் சுவிட்சைப் போட்டேன்.

புள்ளிகள் ஆடின.

"இன்னா சைன்ஸ்காரரே, எந் தறி தூங்கிக்கினு கீது. இது யாரு ஓட்டறது?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ரயில் போவுது."

"அது இன்னும் ரேணிகுண்டாலயே நின்னுகினு இருக்கும்" என்றார் பெரியவர்.

அப்போது காப்பியோடு வந்த என் மனைவி, தினமும் சொல்வதையே அன்றும் சொன்னாள். "காலாட்டாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

எல்லோரும் என் வலது காலைப் பார்த்தார்கள். பதற்றம் வந்தால் அது தானாக ஓடும், கட்டிலையும் தரையையும் சேர்த்துக்கொண்டு. நிறுத்தினேன். புள்ளிகளும் நின்றன.

"பாருங்க, நின்னுடிச்சி. தறி ஓடலன்னா ஆடறதில்ல" என்றேன்.

"மொதல்ல அந்தக் காலத் தள்ளிப் போடு. அப்பறம் தறியப் பாக்கலாம்" என்று எழுந்தார் பக்கத்து வீட்டுக்காரர். பெரியவர் காப்பியை மட்டும் குடித்துவிட்டு, "வாய மூடறேன்னு ஒத்துக்கினயே, மூடு" என்றார்.

மறுநாள் என் வலது காலைத் துண்டால் கட்டில் காலோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புள்ளிகள் கல்லாகக் கிடந்தன. அந்தப் பக்கம் தறி ஓடத் தொடங்கியதும் பறந்தன. பெரியவரைக் கூப்பிட மனைவியை அனுப்பினேன். வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்தார். கட்டுண்டு கிடந்த என்னைப் பார்த்தார், தாளைப் பார்க்கவேயில்லை. வாசலில் துப்பிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஐந்தாவது தறி வந்தது, எங்கள் சுவரை ஒட்டியே. விரிசலில் இரண்டு விரல் நுழைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.