பாதி விட்ட ரிங்கு

அந்தக் கல்யாண மேடையில் பாதி ரிங்குக்குத்தான் பூக் கட்டினேன். பெண் தன் போனில் காட்டிய படமே அப்படித்தான். ஆளுயர இரும்பு ரிங்கு. ஒரு பக்கம் வெள்ளைச் சாமந்தி பொங்கி நிற்கும், மறுபக்கம் வெறுங்கம்பி. போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கடை போட்ட பிறகு எனக்கு வந்த முதல் மேடை வேலை. இது நல்லபடியாக முடிந்தால்தான் அடுத்தது வரும்.

வந்தவர்களெல்லாம் கம்பியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "பூப் பத்தலையாத்தா?" என்று சிலமலையிலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டார். இதுதான் டிசைன் என்றதும், "டிசைனாம்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தார்.

பெண்ணின் தாய்மாமன்தான் விடவில்லை. மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். வாயும் பெரிது, மனசும் பெரிது என்பார்கள். அன்று நான் பார்த்தது வாயை மட்டும்.

"மாப்ள வீட்டு ஜீப்பு போடிமெட்டு எறங்கிருச்சு. மிச்சத்தையும் வெரசாக் கட்டுத்தா. மேடை மூளியாக் கெடக்கு."

பெண்ணின் அறையில் மாலைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள், வெறுங்கம்பி முழுக்க அவரே செண்டுமல்லிச் சரத்தைச் சுற்றிவிட்டார். "இப்பப் பாரு" என்றார், இடுப்பில் கை வைத்து.

பார்த்தேன். வெள்ளையும் மஞ்சளுமாக முழு வட்டம். துட்டி வீடுகளுக்கு, பிணத்தின் மேல் வைக்க, நான் கட்டி அனுப்புகிற அதே மலர் வளையம். அதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தர் கண்ணில் பட்டால் போதும், நாளைக்கு அங்கே ஆட்டுக்குட்டி செத்தாலும் பழி இந்தப் பெண் தலையில்தான் விழும்.

காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. கல்யாண வீட்டில் அதை வைப்பதும் ஒன்றுதான், அதன் பேரைச் சொல்வதும் ஒன்றுதான். வாசலில் வேட்டுச் சத்தம் கேட்டது. மேடையேறி, செண்டுமல்லியை இரண்டு கையாலும் பிய்த்துப் போட்டேன்.

"கட்டுன பூவையே களவாங்குறா பாரு!" என்று மாமன் சபை நடுவே கத்தினார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கை நிற்கவில்லை.

அதன்பின் அந்தப் பக்கமிருந்து ஒரு மேடை வேலைகூட வரவில்லை. கோபம் எனக்கு இருந்தது. அதைவிடப் பயம். கொஞ்ச நேரமானாலும் அந்த முழு வட்டம் அங்கே நின்றுவிட்டதே, பெண்ணுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அதே மாமன் கடை முன்னால் ஜீப்பை நிறுத்தினார். "மலர் வளையம் ஒண்ணு வேணும்."

கையிலிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டேன். "யாருக்குண்ணே?"

"எங்க தோட்டத்துக் கங்காணிக்கு. வயசாளி."

அந்தப் பெண்ணுக்கில்லை. வெள்ளைச் சாமந்தியை எடுத்துச் சின்னக் கம்பி வளையத்தில் கட்டத் தொடங்கினேன். பாதி வட்டம் வந்தபோது நிமிர்ந்தால், அவர் மீதிக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்காண்டியா அன்னைக்குப் பிச்செறிஞ்ச?"

"ஆமாண்ணே."

"சொல்லிருக்கலாம்லத்தா."

"கல்யாண வீட்ல எப்படிண்ணே சொல்றது?"

பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "கல்யாணப் புள்ள நல்லாருக்காண்ணே?"

"இதை முன்னால வச்சுக்கிட்டு அவ பேச்சு வேணாம்த்தா. கேதத்துக்குப் போயிட்டு வந்து, குளிச்சிட்டு, நானே ஒனக்குப் போன் போட்டுச் சொல்றேன்."

மிச்சத்தையும் கட்டிக் கொடுத்தேன். ஜீப் போன பிறகு, போனைப் பூக்கூடைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.